தாரிஃப்: கரண்டு பில்லும் கப்பல் சரக்கும்

2025 ஜூலையில் பட்டர்வொர்த்தில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கரண்டு பில்லைத் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "ஏன் தம்பி, இந்த டிரம்ப்பு நம்ம கரண்டுக்கும் வெல ஏத்திட்டானா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் மேல் தப்பில்லை. பில்லில் 'தாரிஃப்' என்று மலாயில் அச்சடித்திருந்தது. முந்தின ராத்திரி செய்தியிலும் அதே தாரிஃப்தான். ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவுக்குப் புதிய மின்கட்டண முறை வந்தது. ஜூலை 7இல், மலேசியப் பொருட்களுக்கு அமெரிக்காவில் 25 விழுக்காடு தாரிஃப் என்று வாஷிங்டனிலிருந்து கடிதம் வந்தது. ஒரே வாரத்தில் ஒரே சொல் இரண்டு வேடத்தில் வந்தால் யார்தான் குழம்ப மாட்டார்கள்?

தாரிஃப் ஐரோப்பாவில் பிறந்த சொல் இல்லை. மூலம் அரபு. 'அறிதல்' என்று பொருள்படும் வேரிலிருந்து வந்த 'தஅரீஃப்' என்றால் தெரியப்படுத்துதல், அறிவிப்பு. மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் எந்தச் சரக்குக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று வணிகர்களுக்குத் தெரியப்படுத்திய பட்டியலுக்கு அந்தப் பெயர் நின்றது. இத்தாலியர் அதை 'தாரிஃபா' என்றார்கள். பிறகு பிரெஞ்சு, அப்புறம் ஆங்கிலம். ஸ்பெயினின் தென்முனையில் தரீஃபா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கப்பல்களை மறித்துப் பணம் பிடுங்கினார்கள், அதனால்தான் இந்தச் சொல் என்று ஒரு கதை உலாவுகிறது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மையில்லை. 710இல் அங்கே வந்திறங்கிய தரீஃப் என்ற படைத்தலைவன் பெயரால் அமைந்த ஊர் அது.

இதே அரபுச் சொல் நம் ஊருக்கு இன்னொரு வழியிலும் வந்திருக்கிறது. மலாய்ப் பாடத்தில் 'தக்ரிஃப்' என்று படித்திருப்போமே, வரையறை என்ற பொருளில்? அது அரபியிலிருந்து நேராக வந்தது. தொண்டையில் பிறக்கும் அரபு ஒலி மலாயில் 'க்' ஆகிவிடும். ரக்யாட் (மக்கள்), மக்லும் (தெரிந்தது) எல்லாம் அப்படித்தான். ஆக, தாரிஃபும் தக்ரிஃபும் ஒரு தாய்ப் பிள்ளைகள். ஒன்று ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். இந்திப் பாட்டுகளில் காதலியைப் புகழும் 'தாரீஃப்' மூன்றாவது பிள்ளை.

அப்படியென்றால் பெரியம்மா கேட்டதில் பாதி சரி. அடிப்படைப் பொருளில் தாரிஃப் என்பது கட்டணப் பட்டியல். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை சென் என்று சொல்வதும் பட்டியல்தான், தமிழ்நாட்டு லாட்ஜ் வரவேற்பறையில் அறை வாடகை எழுதித் தொங்கவிட்டிருப்பதும் பட்டியல்தான். சுங்கத் துறையினர் கையில் இருப்பதும் பட்டியல்தான், ஆனால் மிகப் பெரியது. உலகத்துச் சரக்கையெல்லாம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆறு இலக்க எண் கொடுத்து, 1988 முதல் நாடுகள் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. பாலிக் பூலாவில் விளையும் டுரியானுக்கும் எண் உண்டு: 0810.60. அந்த எண்ணுக்கு நேரே இறக்குமதி செய்யும் நாடு என்ன விகிதம் போட்டிருக்கிறதோ, அதுதான் கட்ட வேண்டிய தொகையைத் தீர்மானிக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மின்சாரத்துக்கும் அறை வாடகைக்கும் 'கட்டண விகிதம்' அல்லது 'கட்டணப் பட்டியல்' போதும். இதில் சண்டை இல்லை. கப்பல் சரக்கு விஷயத்தில்தான் நமக்குச் சொற்கள் கூடிப்போய்விட்டன.

பழையது 'உல்கு'. அரசனின் வருமானங்களில் ஒன்றாக 'உல்குபொருள்' என்பதை வள்ளுவர் 756ஆம் குறளில் சேர்க்கிறார். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அலுவலர்கள் வருகிறார்கள். சூரியனின் தேரில் பூட்டிய குதிரைகள்போல ஓய்வில்லாமல் உல்கு வாங்குகிறார்கள், மூட்டைகளின் மேல் சோழனின் புலி முத்திரை குத்துகிறார்கள். கண்டெய்னரில் இன்று போடும் சீலுக்கு அந்தப் புலி பாட்டன் முறை.

அடுத்தது 'சுங்கம்'. வடமொழி 'சுல்க'த்தின் வழிவந்தது என்பார்கள். உல்குவுக்கும் அதற்கும் உறவு உண்டு என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பட்டப்பெயர். இப்போது தமிழ்நாட்டில் சுங்கச்சாவடி என்றால் நெடுஞ்சாலையில் காரை நிறுத்திக் காசு வாங்கும் இடம், நாம் டோல் என்று சொல்வது. அதனால் வெறும் 'சுங்கம்' என்று எழுதினால் அங்கே ஒரு படம் ஓடும், இங்கே ஒரு படம் ஓடும். (சுங்கை பட்டாணி என்ற ஊருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மலாயில் சுங்கை என்றால் நதி.)

என் ஓட்டு 'தீர்வை'க்கு. தீர்த்தல், தீர்மானித்தல் என்பதிலிருந்து வருகிறது: இவ்வளவு என்று முடிவுசெய்து விதித்த தொகை. நிலத்தீர்வை என்று நம் தாத்தாக்கள் பத்திரத்தில் எழுதிய சொல். இலங்கையில் இன்றும் அரசு அறிவிப்புகளில் நடமாடுகிறது. லங்காவியில் சாக்லேட்டும் பீங்கான் தட்டும் வாங்கிக்கொண்டு வருகிறோமே, 1987 முதல் அது தீர்வையற்ற தீவு. ஆங்கிலத்தில் கடமைக்கும் இந்த வரிக்கும் 'டியூட்டி' என்று ஒரே சொல் இருப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் நம் கல்வெட்டுகளைப் பார்க்க வேண்டும். அங்கே 'கடமை' என்பதே ஒரு வரியின் பெயர்.

'வரி' என்று சுருக்கமாக எழுதினால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் தவறு நடக்கிறது. 'மலேசியாவுக்கு 24 விழுக்காடு வரி' என்று 2025 ஏப்ரலில் தலைப்பு வந்தபோது, எங்கள் தாமான் ஒட்டுக்கடையில் பாதிப் பேர் நம் அரசாங்கம் அமெரிக்காவுக்குப் பணம் கட்டப்போகிறது என்றே நம்பினார்கள். கட்டுவது நாம் இல்லை. பிறை ஊர்த் தொழிற்சாலையில் செய்த ஒரு பெட்டிச் சாமான் 100 டாலர், தீர்வை 19 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கத் துறைமுகத்தில் அந்தப் பெட்டியை இறக்கும் நிறுவனம் 19 டாலரைத் தன் அரசாங்கத்திடம் கட்டும். அப்புறம் விலையை ஏற்றுவதா, நம் ஆளிடம் விலையைக் குறைக்கச் சொல்வதா, லாபத்தில் தாங்கிக்கொள்வதா என்பது அவர்கள் பேரம். நமக்கு அடி விழுவது அந்தப் பேரத்தில், அல்லது ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும்போது. 'மலேசியப் பொருட்களுக்கு அமெரிக்காவில் இறக்குமதித் தீர்வை' என்று எழுதினால் தலைப்பு நீளும்தான். நீளட்டும்.

இந்த அமெரிக்கத் தீர்வைக்குச் செய்திகளில் வரும் 'பதிலடி வரி', 'பரஸ்பர வரி' என்ற பெயர்கள் இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. ஏப்ரல் 2ஆம் தேதி டிரம்ப் காட்டிய பலகையில் மலேசியாவுக்கு நேரே 47 என்று ஓர் எண் இருந்தது, நாம் அவர்களிடம் வாங்குவதாக. அது நம் சுங்கப் பட்டியலில் எங்கேயும் இல்லாத எண். அமெரிக்காவுக்கு நம்மோடு உள்ள வர்த்தகப் பற்றாக்குறையை, அவர்கள் நம்மிடம் வாங்கும் சரக்கின் மதிப்பால் வகுத்து வந்தது. அதைப் பாதியாக்கி 24. நாம் அடிக்காத அடிக்கு எப்படிப் பதிலடி? பிறகு 25 ஆகி, ஆகஸ்டில் 19 ஆனது. கணினிச் சில்லுகளுக்கு ஏப்ரலிலேயே விலக்கு கொடுத்ததால் பாயான் லெப்பாஸில் சில்லு வேலை செய்யும் என் தம்பிக்கு மூச்சு வந்தது.

பினாங்குக்காரனுக்கு இந்தச் சொல்லில் தனிக் கணக்கு உண்டு. 1786இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் இங்கே கொடி ஏற்றியபோது வணிகர்களை இழுக்கக் கையில் வைத்திருந்த தூண்டிலே தீர்வை இல்லாத துறைமுகம் என்பதுதான். அந்தச் சலுகை போன பிறகு வேலையில்லாத் திண்டாட்டம் வந்து, 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் திறந்தார்கள். படகுத்துறைப் பக்கம் மணிக்கூண்டோடு நிற்கிற விஸ்மா கஸ்தாம், ரயிலே வராத தீவில் ரயில் நிலையமாகக் கட்டியது. பிறகு சுங்கத் துறைக்குப் போனது. அதைக் 'கஷ்டம்' என்றே சொல்லும் கிழவர்கள் இருந்தார்கள். சாமான் பிடிபட்டவர்களுக்கு உச்சரிப்பு சரிதான்.

பெரியம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பில்லை வாங்கி யூனிட் கணக்கைப் பார்த்தேன். ஜூன் விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், இரண்டு ஏர்கோன் ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது.

"அப்ப அது டிரம்ப்பு இல்லையா?"

"இல்ல பெரியம்மா."

"பிள்ளைங்கதானே, போவட்டும்" என்று பில்லை மடித்துச் சாமி மேடையில் வைத்துவிட்டார்.