கத்தெனாச்சோ: கோல் வாசலுக்கு ஒரு தாழ்ப்பாள்

சின்ன அணி ஒன்று பெரிய அணியோடு மோதுகிறது. பத்துப் பேரும் தங்கள் கோல் பக்கத்தைவிட்டு நகரவே மாட்டேன் என்கிறார்கள். அப்போது கால்பந்து ரசிகர்கள் வாயில் வரும் ஒரு சொல் கத்தெனாச்சோ. பெரும்பாலும் அது வசவாகத்தான் வரும். 'ஆட வந்தார்களா, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வந்தார்களா?' என்ற கோபம் அதில் இருக்கும். அந்தக் கோபம் எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் இந்தச் சொல் பிறந்த இடத்தைப் பார்த்த பிறகு, அதை வசவாகப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அதற்குச் சரியான தமிழ்ச் சொல் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

முதலில் உச்சரிப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்துகளை வைத்து வாசித்தால் 'கேட்டனாசியோ' என்று வரும். இத்தாலியர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் மொழியில் அந்த இடத்தில் இகரம் ஒலிக்காது; 'ச்சோ' என்று அழுத்தி முடிப்பார்கள். பொருள், கதவுக்குப் போடும் தாழ்ப்பாள். சங்கிலியைக் குறிக்கும் 'கத்தேனா' என்ற லத்தீன் சொல்தான் இதற்கு வேர். வேரைப் பிடித்துக்கொண்டு 'சங்கிலி ஆட்டம்' என்று மொழிபெயர்த்தால் தவறாகிவிடும். சங்கிலி என்றதும் கைகோத்து நிற்கும் ஒரு வரிசைதான் மனதில் வரும். இந்த ஆட்டமுறையின் உயிரோ, வரிசைக்குப் பின்னால் தனியாக நிற்கும் ஒருவரிடம் இருக்கிறது.

அந்த ஒருவரை முதலில் நிறுத்தியது இத்தாலியும் அல்ல. 1930-களில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் செர்வெத் அணியைப் பயிற்றுவித்தவர் கார்ல் ராப்பான், வியன்னாக்காரர். அவரிடம் இருந்தவர்கள் முழுநேர ஆட்டக்காரர்கள் அல்லர். வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு மிஞ்சிய நேரத்தில் பந்தாடியவர்கள். முழுநேரமாக ஆடும் அணிகளோடு ஓட்டத்திலும் உடல் வலுவிலும் அவர்களால் ஈடுகொடுக்க முடியாது. அதனால் ராப்பான் நடுக்களத்தின் இரு ஓரங்களில் இருந்தவர்களைப் பின்னுக்கு இழுத்தார். ஏற்கெனவே பின்னால் இருந்த இருவரில் ஒருவரை இன்னும் பின்னால், எல்லோருக்கும் கடைசியில் நிறுத்தினார். முன்னால் இருப்பவர்கள் கதவு. யாராவது கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டால் தடுக்கப் பின்னால் ஒரு தாழ்ப்பாள். ஜெனீவாவில் பேசுவது பிரெஞ்சு என்பதால் அந்த முறைக்கு 'வெரூ' என்று பெயர் வந்தது. ஜெர்மன் பேசும் பக்கத்தில் 'ரீகல்' என்றார்கள். இரண்டுமே அவரவர் ஊரில் தாழ்ப்பாளுக்கு உள்ள சொற்கள்.

1938 உலகக் கோப்பையில் ராப்பானின் சுவிட்சர்லாந்து, ஜெர்மனியை எதிர்கொண்டது. அந்த ஆண்டு மார்ச்சில்தான் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியிருந்தார். ஆஸ்திரிய வீரர்களும் ஜெர்மன் சட்டையில் இறங்கினார்கள். ராப்பானுக்கு எதிரே அவருடைய சொந்த நாட்டார். முதல் ஆட்டம் 1-1. பாரிஸில் நடந்த மறு ஆட்டத்தில் ஜெர்மனி 2-0 என்று முந்தியது. முடிவில் வென்றது சுவிட்சர்லாந்து, 4-2. தாழ்ப்பாள் ஆட்டம் என்றால் கோலே விழாத ஆட்டம் என்று நினைக்கிறவர்கள் இந்த எண்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இத்தாலிக்கு இந்த எண்ணம் போருக்குப் பிறகு வந்தது, அதுவும் பிழைக்க வழி தேடிய அணிகளிடம்தான் வந்தது. தெற்கே கடலோர ஊரான சலேர்னோவின் அணிக்கு ஜிப்போ வியானி பயிற்சியாளர். மீனவர்கள் ஒரு வலைக்குப் பின்னால் இன்னொரு வலை போட்டிருந்ததைக் கடற்கரையில் பார்த்தபோதுதான் அவருக்கு இந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதை உண்டு. முதல் வலையில் தப்பிய மீன் இரண்டாவதில் விழும். கதை உண்மையோ இல்லையோ, விளக்கம் கச்சிதம். வடக்கே திரியெஸ்தே நகரத்தின் கதையோ பதிவில் உள்ளது. போர் முடிந்து அந்த நகரம் நேச நாட்டுப் படைகளின் நிர்வாகத்தில் இருந்த காலம் அது. 1946-47 பருவத்தில் திரியெஸ்தீனா அணி முதல் பிரிவில் கடைசி இடம். நகரத்தின் நிலைமையைக் கருதி அணியைக் கீழே இறக்காமல் விட்டார்கள். அடுத்த பருவத்தில் நெரேயோ ரொக்கோ பொறுப்பேற்றுத் தாழ்ப்பாள் போட்டார். கடைசியில் கிடந்த அதே அணி, டொரினோவுக்கு அடுத்து வேறு இரண்டு அணிகளோடு இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டது. 'சிறந்த அணி வெல்லட்டும்' என்று யாரோ வாழ்த்தியபோது, 'அப்படி நடக்காது என்று நம்புவோம்' என்றாராம் ரொக்கோ. கத்தெனாச்சோவின் நியாயம் முழுக்க அந்தப் பதிலில் இருக்கிறது. இல்லாதவன் இருக்கிறவனோடு மோத வேண்டியிருக்கிறது. அவனிடம் போய் 'அழகாக ஆடு' என்று எப்படிச் சொல்வது?

தாழ்ப்பாளாக நிற்பவருக்கு ஜான்னி பிரேரா என்ற பத்திரிகையாளர் வைத்த பெயர் 'லிபெரோ', அதாவது கட்டில்லாதவர். மற்ற பின்கள வீரர்கள் ஆளுக்கு ஓர் எதிராளியைப் பிடித்துக்கொண்டு அவன் போகும் இடமெல்லாம் போவார்கள். இவருக்கு மட்டும் அப்படி யாரும் கிடையாது. எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே போய் அடைக்க வேண்டியது இவர் வேலை. வாலிபால் ஆடுகிறவர்களுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும். 1998-லிருந்து உலகப் போட்டிகளில் வேறு நிறச் சட்டையோடு நிற்கும் அந்தத் தடுப்பு வீரரின் பெயரும் இதுதான். நம் ஊர்த் திடல்களில் வாலிபால் பக்கம் சரளமாகப் புழங்கும் சொல், கால்பந்துப் பக்கம் யாருக்கும் நினைவில்லாமல் கிடக்கிறது.

இதுவரை பிழைப்புக்கான முறை. இதைக் கோப்பை வெல்லும் முறையாக மாற்றியதில் பெரிய பங்கு ஹெலெனியோ ஹெர்ரெராவுக்கு. 1960-ல் மிலான் நகரின் இன்டர் அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். 1964, 1965 என்று அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள். லிபெரோ இடத்தில் அர்மாண்டோ பிக்கி. அவர் அந்த இடத்தைவிட்டு முன்னே போவதே அரிது. ஆனால் இடது பின்களத்தில் ஜச்சின்டோ ஃபக்கெட்டி என்ற உயரமான இளைஞர் இருந்தார். பிக்கி பின்னால் இருக்கிறார் என்ற தைரியத்தில் அவர் களத்தின் மறுமுனை வரை ஓடுவார். 1965-66 பருவத்தில் இத்தாலிய லீகில் அவர் அடித்த கோல்கள் 10. பின்கள வீரர் ஒருவருக்கு அந்தக் காலத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத எண் அது. தன்னைப் பார்த்து ஆடியவர்கள் தாழ்ப்பாளை மட்டும் எடுத்துக்கொண்டு தாக்குதலை விட்டுவிட்டார்கள் என்பது ஹெர்ரெராவின் பிற்கால மனக்குறை. அது நியாயமான குறை என்றே நான் நினைக்கிறேன். தாழ்ப்பாள் உள்ளே இருப்பவன் கையில் இருப்பது. நினைத்த நேரத்தில் திறந்துகொண்டு வெளியே பாயலாம். திறக்கவே முடியாதது கதவு அல்ல, சுவர்.

கதவுக்கும் சுவருக்கும் உள்ள இந்த வேறுபாட்டை வைத்துத்தான் 'பஸ்ஸை நிறுத்துவது' என்ற இன்னொரு வழக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2004-ல் தன் செல்ஸி அணியோடு கோலே இல்லாமல் சமன் செய்த டாட்டன்ஹாமைப் பற்றி, கோலுக்கு முன்னால் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார் ஜோசே மொரீன்யோ. போர்ச்சுகலில் சொல்கிற பேச்சு என்றும் சொன்னார். அடுத்தவரைக் குறைகூறச் சொன்ன சொல் பிறகு அவருடைய அணிகள் மேலேயே ஒட்டிக்கொண்டது. 2010-ல் பார்சலோனாவின் மைதானத்தில் 28-வது நிமிடத்திலேயே ஓர் ஆளை இழந்த அவருடைய இன்டர், சாமுவேல் எட்டோ போன்ற முன்கள வீரரைக்கூடப் பின்களத்தில் நிறுத்தி ஒரே ஒரு கோலை மட்டும் விட்டுக்கொடுத்து, முதல் ஆட்டத்தில் பெற்ற முன்னிலையால் இறுதியாட்டத்துக்குப் போனது. பலர் அதைக் கத்தெனாச்சோ என்றார்கள். எனக்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை. அங்கே தனியாக நின்ற தாழ்ப்பாள் யாரும் இல்லை, எல்லோருமே சுவர். அந்த இரவில் அவர்கள் காட்டிய பிடிவாதத்தை நான் மதிக்கிறேன், அது வேறு விஷயம்.

சொல்லின் பழைய பொருளுக்கு இன்று வேலை குறைவு. 1980-களின் இறுதியில் இன்டரின் அதே நகரத்தில் இருந்த இன்னொரு அணி, அரிகோ சாக்கியின் மிலான், ஆளைப் பிடிக்காமல் இடத்தைக் காத்தது. பின்கள வரிசையை முன்னே தள்ளி, எதிராளிகளை ஆஃப்சைடில் சிக்கவைத்தது. கடைசியில் தனியாக ஒருவர் நின்றால் அந்த வலை அறுந்துவிடும் என்பதால் லிபெரோவின் இடம் போயிற்று. 1990 உலகக் கோப்பை சலிப்பூட்டியதாகப் பேச்சு எழுந்தது. 1992-ல், தன் அணியினர் காலால் தட்டிவிடும் பந்தைக் கோல்காப்பாளர் கையால் எடுக்கக் கூடாது என்று விதி வந்தது. 1994 உலகக் கோப்பையில் வெற்றிக்கு இரண்டு புள்ளி என்றிருந்தது மூன்றானது. எல்லாமே கதவைத் திறக்கச் சொன்ன விதிகள்தான்.

ரசிகர்களின் சண்டை மட்டும் ஓயவில்லை. இத்தாலியில் இப்போது இரண்டு கட்சிகளுக்கும் பெயரே உண்டு. ஆட்டம் முக்கியம் என்பவர்கள் 'ஜோக்கிஸ்தி', முடிவு முக்கியம் என்பவர்கள் 'ரிசுல்தாதிஸ்தி'. ஆட்டக் கட்சி எப்போதும் எடுத்துக்காட்டுவது 1982-ஐ. சமன் செய்தாலே அரையிறுதி என்ற நிலையிலும் சாக்ரடீஸ், ஜிக்கோ, ஃபால்காவோவின் பிரேசில் முன்னேறித் தாக்கிக்கொண்டே இருந்தது. பாவ்லோ ரோஸ்ஸி மூன்று கோல் அடிக்க, 3-2 என்று இத்தாலியிடம் தோற்றது. கோப்பை இத்தாலிக்கு, பாசம் பிரேசிலுக்கு என்று உலகம் பங்கு போட்டுக்கொண்டது. முடிவுக் கட்சிக்கு 2004. அதுவரை பெரிய போட்டிகளின் இறுதிச் சுற்றில் ஓர் ஆட்டம்கூட வெல்லாத கிரீஸ், ஓட்டோ ரேஹாகலின் கீழ் நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பைக்கு வந்தது. ஆளுக்கு ஆள் பிடித்து, பின்னால் டெல்லாஸைத் தனியாக நிறுத்தி, பழைய தாழ்ப்பாளைத் தூசி தட்டிப் போட்டது. காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றிலும் 1-0. மூன்று கோலும் தலையால் முட்டியவை. நம் ஊர்க் கணக்கில் நள்ளிரவு 12.15-க்குத் தொடங்கிய அந்த இறுதியாட்டத்தைப் போர்ச்சுகல் வெல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். தோற்றபோது கிரீஸைத் திட்டினேன். இன்று அந்த அணியைத் திட்ட என்னால் முடியாது. அவர்கள் ரொக்கோவின் வம்சம். எல்லாம் இருந்தும் கதவைச் சாத்திக்கொள்ளும் பணக்கார அணிகளைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தடுப்பாட்டம்' நல்ல சொல்தான், ஆனால் அது எல்லாத் தடுப்புக்கும் பொது. தெரு கிரிக்கெட்டில் 'டொக்கு வைப்பது', 'கட்டை போடுவது' என்று சொல்கிறோம். ரன்னுக்கு ஆசைப்படாமல் விக்கெட்டைக் காப்பாற்றும் மனநிலையை அவை அப்படியே பிடிக்கின்றன. ஆனாலும் அவை ஒரு தனி மட்டையாளரின் செயல். பதினோரு பேரின் அமைப்பு அதற்குள் அடங்காது. 'அரண்', 'மதில்' இரண்டும் பஸ்ஸுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. 'எழு', 'கணையம்' என்று கோட்டைக் கதவுக்குப் பின்னால் குறுக்கே போடும் மரத்துக்குப் பழந்தமிழில் பெயர்கள் உண்டு. வீரர்களின் திரண்ட தோளுக்கு உவமையாகப் புலவர்கள் 'எழு'வைச் சொன்னார்கள். பிக்கிக்கு எவ்வளவு பொருத்தம்! ஆனால் இன்று அந்தச் சொல்லைச் சொன்னால் 'எழுந்திரு' என்றுதான் காதில் விழும்.

ஆகவே தாழ்ப்பாள்தான். 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்' என்று வள்ளுவர் கேட்ட அதே தாழ். பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், இத்தாலியர் என்று ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கதவில் இருந்ததை எடுத்துத்தான் பெயர் வைத்தார்கள். நாமும் அப்படியே 'தாழ்ப்பாள் ஆட்டம்' என்று சொல்லலாம். லிபெரோவுக்குத் 'தாழ்க்காவலர்' என்பது என் பரிந்துரை. இந்தச் சொல்லோடு வினைகளும் சேர்ந்தே வந்துவிடுவது இன்னொரு வசதி. தாழ் போடலாம், தாழ் நீக்கலாம், தாழ் தெறிக்கலாம். வர்ணனைக்கு வேறென்ன வேண்டும்?

1967 மே 25, லிஸ்பன். ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். ஹெர்ரெராவின் இன்டருக்கு எதிரே ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரின் செல்டிக். பதினோரு பேரும் அந்த நகரத்தைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள். 7-வது நிமிடத்தில் பெனால்டியில் இன்டரின் மஸ்ஸோலா கோல் அடித்தார். உடனே இன்டர் தாழ் போட்டது. பிக்கி தாழ்க்காவலர், அவருக்கும் பின்னால் கோல்காப்பாளர் சார்த்தி. செல்டிக் முட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு முறை பந்து கோல் சட்டத்தின் மேல்கட்டையில் பட்டுத் திரும்பியது. இன்டரோ தாழை நீக்கிக்கொண்டு வெளியே வரவே இல்லை. 63-வது நிமிடத்தில் டாமி ஜெம்மல் தூரத்திலிருந்து ஓங்கி அடித்ததில் கதவு பிளந்தது. 84-வது நிமிடத்தில் சாமர்ஸ் காலை நீட்டினார், தாழ் தெறித்தது.