வைக்கோல் கட்ட டிராக்டர் மாத்துறீங்களா? ஹெச்பிக்கு முன்னாடி க்ளட்ச்ச பாருங்க

தை மாசம் சம்பா அறுப்பு முடிஞ்ச கையோட மன்னார்குடி பக்கம் போனீங்கன்னா அறுப்பு மிஷின் போன தடத்துலயே வைக்கோல் வரிசை வரிசையா கெடக்கும், அது மேலயே ஒரு டிராக்டர் பேலர்ங்குற வைக்கோல் கட்டுற மிஷின இழுத்துக்கிட்டு போயி உருளை உருளையா கட்டு போட்டுக்கிட்டு இருக்கும். கொஞ்ச நேரம் வரப்புல நின்னு பாருங்க. வண்டி ஓடும், நிக்கும், நின்னாலும் பின்னாடி பேலர் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும், கதவு தொறந்து கட்டு விழும், மறுபடி ஓடும். நாள் பூரா இதே தான். வண்டி நிக்கணும் ஆனா பேலர் நிக்கக்கூடாது, வைக்கோலுக்கு எந்த டிராக்டர் வாங்குறதுங்குற கேள்விக்கு பாதி பதில் இதுலயே இருக்கு.

எங்க வீட்டு பழைய வண்டி 35 ஹெச்பி, சிங்கிள் க்ளட்ச். உழவுக்கும் ட்ரெய்லருக்கும் ஒரு குறை சொல்ல முடியாது, அவ்வளவு நல்ல வண்டி. அதுல பேலர மாட்டுனோம், ரெண்டே சீசன்ல க்ளட்ச் தட்டு தேஞ்சு போச்சு. மாத்துனோம், மறுபடி தேஞ்சுது. ஹெச்பி பத்தலைன்னு தான் எல்லாரும் சொன்னாங்க, நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். உக்காந்து யோசிச்சு பாத்தப்ப தான் காரணம் வேறன்னு புரிஞ்சுது.

டிராக்டருக்கு பின்னாடி ஒரு சின்ன தண்டு நீட்டிக்கிட்டு இருக்குமே, அதான் பிடிஓ, பவர் டேக்-ஆஃப். ஒன்னேகால் அங்குலத்துக்கு கொஞ்சம் கூட, 35 மில்லிமீட்டர் கனம், சுத்தி 6 பல்லு. என்ஜின் சக்திய சக்கரத்துக்கு மட்டும் இல்லாம பின்னாடி மாட்டுற மிஷினுக்கும் குடுக்குற வழி இது. நிமிஷத்துக்கு 540 சுத்து தான் இதோட பொது கணக்கு, எந்த கம்பெனி வண்டியில எந்த கம்பெனி பேலர மாட்டினாலும் பொருந்துறது இதனால தான். 1918-லயே அமெரிக்காவுல இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி டிராக்டர்ல இத வச்சு வித்துச்சு. ஆனா அந்த காலத்து பிடிஓவுக்கு ஒரு குறை இருந்துச்சு, சக்கரத்துக்கும் பிடிஓவுக்கும் சேத்து ஒரே க்ளட்ச். க்ளட்ச்ச மிதிச்சா ரெண்டும் நிக்கும். எங்க வண்டியில இருந்ததும் அதே அமைப்பு தான்.

இப்ப பேலருக்குள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். முன்னாடி இருக்க கம்பி விரல்கள் வைக்கோல வாரி உள்ள தள்ளும், உள்ள உருளைங்க சுத்தி சுத்தி அத பாய் சுருட்டுற மாதிரி சுருட்டும். மொதல்ல லோடே தெரியாது, சும்மா சுத்தும். உள்ள நிறைய நிறைய இறுகும், கடைசி நேரத்துல தான் லோடு உச்சத்துக்கு போகும். கட்டு நிறைஞ்சு பேலர் சத்தம் குடுத்ததும் டிரைவர் வண்டிய நிறுத்தணும், இனிமே வைக்கோல் உள்ள வரக்கூடாது, ஆனா உருளை சுத்துனா தான் கயிறோ வலையோ கட்டு மேல சுத்தும். அப்புறம் ஹைட்ராலிக்ல கதவு தொறந்து கட்டு வெளிய வரும்.

சிங்கிள் க்ளட்ச் வண்டியில க்ளட்ச்ச மிதிச்சதும் கட்டு முழுசா இறுகி லோடு உச்சத்துல இருக்குற அந்த நேரத்துல பேலரும் சேந்து நின்னு போயிடும். நியூட்ரல் போட்டு க்ளட்ச்ச விட்டா மறுபடி சுத்தும், சுத்தாம இல்ல, ஆனா நின்னு போன முழு லோட அந்த தட்டு உரசி உரசி தான் கெளப்பணும். ஒரு நாளைக்கு 300 கட்டு போட்டா 300 தடவை. தட்டு தேயாம என்ன பண்ணும்? எங்கயாச்சும் வைக்கோல் குமிஞ்சு கெடந்து பேலர் திணறுனாலும் இதே கதை தான், வண்டிய மட்டும் நிறுத்தி பேலர சுத்த விட்டு விழுங்க வைக்க வழியில்ல.

இதுக்கு வந்த தீர்வு தான் டபுள் க்ளட்ச். பாதி மிதிச்சா சக்கரம் மட்டும் நிக்கும், முழுசா மிதிச்சா பிடிஓவும் நிக்கும். அதுக்கும் ஒரு படி மேல பிடிஓவுக்குன்னே தனி க்ளட்ச், தனி லிவர் வச்ச வண்டிங்க இருக்கு, அதுல காலுக்கும் பிடிஓவுக்கும் சம்பந்தமே கெடையாது. 1940-கள்ல கனடாவோட காக்‌ஷட் 30 டிராக்டர் இந்த வசதியோட வந்தப்ப வைக்கோல் கட்டுறவங்க அத கொண்டாடுனதுல ஆச்சரியமே இல்ல. என்னைய கேட்டா பேலர் வேலைக்கு டபுள் க்ளட்ச் கட்டாயம், பணம் இருந்தா தனி க்ளட்ச். 5 ஹெச்பி கொறஞ்சாலும் பரவால்ல, இதுல விட்டுக்குடுக்காதீங்க.

சதுர கட்டு போடுற பேலர் வச்சிருக்கவங்க இன்னொன்னும் தெரிஞ்சுக்கணும். அதுல ஒரு பெரிய கனமான சக்கரம் சுத்தும், அது சேத்து வச்ச வேகத்துல தான் உள்ள இருக்க இடிப்பான் வைக்கோல இடிச்சு இடிச்சு அமுக்குது. சிங்கிள் க்ளட்ச் வண்டியில நீங்க க்ளட்ச்ச மிதிச்ச பின்னாடியும் அந்த சக்கரம் சுத்துற வேகம் பிடிஓ வழியா தலகீழா கியர்பாக்ஸுக்கு வந்து வண்டிய முன்னாடி தள்ளும். பிரேக்க மிதிச்சாலும் கொஞ்ச தூரம் போயிடும், எதிர்ல ஆள் நின்னா என்ன ஆகும்னு யோசிங்க. டிராக்டர்லருந்து பேலருக்கு மட்டும் சக்திய விட்டு, தலகீழா வர விடாத ஓவர்ரன்னிங் கப்ளிங்னு ஒரு சாமான் இருக்கு, அந்த மாதிரி வண்டிக்கு அத மாட்டாம ஓட்டவே கூடாது.

சரி ஹெச்பிக்கு வருவோம். பானட்ல எழுதியிருக்குறது என்ஜின் ஹெச்பி. கியர் உரசல்லாம் போக பிடிஓவுக்கு வர்றது நூத்துக்கு 85, 90 பங்கு தான். 45 ஹெச்பி வண்டின்னா பின்னாடி கெடைக்கிறது 38 சொச்சம், அதாவது சுமார் 28 கிலோவாட். அத 540 சுத்துல குடுக்கும்போது தண்ட திருப்புற முறுக்கு விசை கிட்டத்தட்ட 500 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீள ஸ்பேனரோட நுனியில 50 கிலோ மூட்டைய தொங்க விட்டா வர்ற முறுக்குன்னு வச்சுக்கோங்க. அதே சக்தி என்ஜின்ல 1800 சுத்துல இருக்கும்போது முறுக்கு 150 தான், கியர் சுத்த கொறச்சு முறுக்க கூட்டிக் குடுக்குது. உண்மையான பிடிஓ சக்திய தெரிஞ்சுக்க விளம்பர நோட்டீஸ நம்ப வேணாம், மத்தியப் பிரதேசத்துல புத்னிங்குற ஊர்ல மத்திய அரசோட சோதனை நிலையம் இருக்கு, அவங்க டெஸ்ட் ரிப்போர்ட்ல ஒவ்வொரு மாடலுக்கும் அளந்து போட்டிருப்பாங்க. டீலர்கிட்ட கேளுங்க, கேட்டு வாங்குங்க.

டெல்டாவுல போடுற சின்ன உருளை கட்டுக்கு, ரெண்டடி விட்டம் மூணடி நீளம், 35 ஹெச்பியே இழுக்கும். அப்புறம் ஏன் 45, 50 வாங்கணும்னா ரெண்டு காரணம். ஒன்னு பனி. சாயங்காலம் ஈரம் எறங்குனதும் வைக்கோல் தோல் மாதிரி ஆயிடும், அறுபடாது, மடங்காது, லோடு ஏறும். என்ஜின் வேகம் எறங்குனா பிடிஓவும் 540-லருந்து எறங்கும், பேலர் அடைக்கும். (ரொம்ப ஈரமா இருந்தா கட்டவே கூடாது, உள்ள நுண்ணுயிர் பெருகி கட்டு சூடாகி பூஞ்சை புடிக்கும், மாடு மோந்து கூட பாக்காது.) ரெண்டாவது எக்கானமி பிடிஓ. சில வண்டியில தனி கியர் இருக்கும், என்ஜின் 1500 சுத்து வாக்குல ஓடும்போதே பிடிஓ 540 வந்துடும். பெரிய என்ஜின மெதுவா ஓட்டுனா டீசலும் மிச்சம், சத்தமும் கம்மி. 50 ஹெச்பிய தாண்டுன புது வண்டிக்கு 2023 ஜனவரிலருந்து புது புகை விதி இருக்கு, அதனால எலக்ட்ரானிக் டீசல் சிஸ்டம் வரும், ஊர் மெக்கானிக்கால பாக்க முடியுமான்னு விசாரிச்சுட்டு வாங்குங்க. நான் 50-க்குள்ள நிப்பாட்டிக்கிட்டேன்.

மெதுவான கியரும் முக்கியம். பிடிஓ 540 வர்ற என்ஜின் வேகத்துலயே வண்டி மணிக்கு 2 கிலோமீட்டர்லருந்து 6 வரைக்கும் மூணு நாலு கியர் இருந்தா தான் வைக்கோல் அடர்த்திக்கு தக்கபடி ஓட்ட முடியும். அது இல்லாம ஆக்ஸிலேட்டர கொறச்சு ஓட்டுனா பேலரும் சேந்து மெதுவாகும்.

கட்டுன வைக்கோல ஏத்திக்கிட்டு போறது வேற கணக்கு. அமெரிக்காவுல 1971-ல அயோவா மாநிலத்து கேரி வெர்மீர் பெரிய உருளை பேலர கொண்டு வந்தாரு, அதுல ஒரு கட்டே பல நூறு கிலோ, முன்னாடி லோடர் இல்லாம அசைக்க முடியாது. நமக்கு வயலும் சின்னது, கட்டும் 20 கிலோ வாக்குல தான், ஆளே தூக்கி போட்டுடலாம். அதனால லோடர் வேணாம், பிரேக் தான் வேணும். 80 கட்டு 1.6 டன், ட்ரெய்லர் 1.4 டன், வண்டி 2 டன், ஆக மொத்தம் 5 டன். இத்தனைக்கும் பிரேக் புடிக்கிறது டிராக்டரோட பின் சக்கரம் ரெண்டு மட்டும் தான். அது மேல அழுத்துற எடை எவ்வளவோ அவ்வளவு தான் புடிப்பு, என்ஜின் ஹெச்பி இங்க ஒன்னுமே பண்ணாது. தார் ரோட்டுல 25 கிலோமீட்டர் வேகத்துல வெறும் வண்டி ஆறேழு மீட்டர்ல நிக்கும்னா லோடோட 16 மீட்டர் ஆகும், இது நான் போட்ட தோராய கணக்கு, டிரைவர் சுதாரிக்கிற ஒரு விநாடிக்கு இன்னொரு 7 மீட்டர். வைக்கோல் கனம் இல்லைன்னு நெனச்சு ஆளுயரத்துக்கு ரெண்டு பங்கு அடுக்குறோம், வாய்க்கா கரை ரோட்டுல திரும்பும்போது அந்த உயரமே கவுத்துடும். ஆயில் பிரேக், அதாவது பிரேக் தட்டு எண்ணெய்க்குள்ள முங்கி இருக்குற வண்டியா பாருங்க, ட்ரெய்லருக்கும் பிரேக் வைங்க.

எடை கூட இருந்தா நல்லதுன்னு கனமான வண்டி வாங்கிடாதீங்க, குறுவை அறுப்பு சமயத்துல மழை புடிச்சிடும், நம்ம களிமண்ணுல கனமான வண்டி பொதையும். டயருக்குள்ள தண்ணி ரொப்பி ரோட்டு வேலைக்கு எடைய கூட்டிக்கலாம், ஈர வயலுக்கு போகும்போது அந்த தண்ணிய வெளிய விட்டுடலாம்.

பழைய வண்டி வாங்குறதா இருந்தா பிடிஓவ ஓட விட்டு, கியர்ல போட்டு மெதுவா உருட்டி, க்ளட்ச்ச பாதி மட்டும் மிதிச்சு பாருங்க, சக்கரம் நின்னு தண்டு சுத்தணும். தண்டு தயங்குனா வேணாம். பிடிஓ சீல்ல எண்ணெய் கசிவு, ரேடியேட்டர் வலையில கூளம் அடைச்சு வளைஞ்ச தடம், இதெல்லாம் பாருங்க. பின்னாடி இணைப்பு தண்டுக்கு பிளாஸ்டிக் உறை இருக்கான்னு கட்டாயம் பாருங்க, பேலர் தூசி தாங்காம நம்ம ஆளுங்க மொதல்ல கழட்டி போடுறது அததான். 540 சுத்துன்னா விநாடிக்கு 9 சுத்து. அந்த இணைப்பு தண்டோட மூட்டு சுமார் 10 சென்டிமீட்டர் அகலம், ஒரு சுத்துக்கு ஒரு அடி துணிய இழுக்கும், 4 முழ வேட்டி ஒரு விநாடிக்குள்ள உள்ள போயிடும், கை எடுக்க நேரம் இருக்காது. பேலர் அடைச்சா பிடிஓவ மட்டும் நிறுத்திட்டு குனியாதீங்க, என்ஜின ஆஃப் பண்ணி சாவிய எடுத்து சட்டைப் பையில போட்டுக்கிட்டு அப்புறம் கீழ எறங்குங்க.