அடைத்த பல்லுக்கும் பேஸ்ட் வேண்டும்

பிள்ளைகளின் சொத்தைப் பல்லை அடைக்க நான் பெரும்பாலும் எடுப்பது கிளாஸ் அயனோமர் சிமெண்ட். அதிலிருந்து, சொத்தையைத் தடுக்க உதவும் ஃபுளோரைடு என்ற தாது கசியும் என்றதும், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா பதறிப்போனார். "எங்க நாத்தனார் ஊரு தருமபுரிங்க டாக்டர். அங்க ஃபுளோரைடு தண்ணியாலதான் பல்லெல்லாம் பழுப்பாக் கெடக்குது. அதையே எம்புள்ள பல்லுல வைக்கிறீங்களே?"

நியாயமான பயம்தான். ஆனால் அந்தக் கறை, பல் ஈறுக்குள்ளே உருவாகிற வயதில், ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரை வருடக்கணக்கில் குடிப்பதால் வருவது. அடைப்பிலிருந்து கசிவது சொற்பம். முதல் ஓரிரு நாளில்தான் அது அதிகமாக வரும். சில வாரங்களில் வெகுவாகக் குறைந்து, அப்புறம் மிக மெதுவாகத் தொடரும்.

இந்த சிமெண்ட் 1970 வாக்கில் லண்டனில் வில்சன், கெண்ட் என்ற இருவர் உருவாக்கியது. பொடி, ஃபுளோரைடு கலந்த கண்ணாடித் தூள். திரவம், பாலிஅக்ரிலிக் அமிலம். குழைத்ததும் பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பு போவதற்குள் பல்லில் வைத்துவிட வேண்டும், மங்கிவிட்டால் சரியாக ஒட்டாது. டிசம்பர் காலைக் குளிரில் அது இறுகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். பிள்ளை வாயைத் திறந்தபடி பொறுத்திருக்க வேண்டியதும் அந்த அளவுக்குக் கூடும்.

ஃபுளோரைடுக்காக மட்டும் நான் இதை எடுப்பதில்லை. ஆய்வகத்தில் தெளிவாக அளக்க முடிகிற இந்தக் கசிவு, வாய்க்குள் புதுச் சொத்தையை எவ்வளவு தடுக்கிறது என்பதில் ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை. பல்லோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும், அதிகம் குடைய வேண்டியதில்லை, கைக்கருவியாலேயே சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைத்துவிடலாம் என்பதுதான் எனக்குப் பெரிய காரணம். டிரில் சத்தத்துக்கே அழும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு ஆறுதல்! உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

பெரியவர்களின் கடைவாய்ப் பல்லில் பெரிய குழி என்றால் இது தேய்ந்துவிடும். அங்கே காம்போசிட் (பல் நிறத்திலுள்ள பிசின் அடைப்பு) போன்றவைதான் தாங்கும், ஆனால் அவற்றிலிருந்து ஃபுளோரைடு அநேகமாக வராது.

நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுண்டு. ஃபுளோரைடு குறைந்துபோன அடைப்பு, நாம் தேய்க்கும் பேஸ்டிலிருந்து அதைத் திரும்ப உறிஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். பேஸ்டில் ஃபுளோரைடே இல்லாவிட்டால் உறிஞ்ச என்ன இருக்கும்? டியூபைத் திருப்பிப் பாருங்கள்; ஃபுளோரைடு 1000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) குறையாமல் இருக்கட்டும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வரை பட்டாணி அளவு போதும். ராத்திரி தேய்த்தபின் துப்பினால் சரி, வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். அதற்கப்புறம் சர்க்கரை போட்ட டீயும் வர்க்கியும் கூடாது.

"பால் பல்லுதானே, விழத்தானே போகுது" என்று விட்டுவிடாதீர்கள். கடைவாய்ப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை மெல்ல வேண்டியவை. அடைப்பின் ஓரம் நாக்கில் தட்டுப்பட்டால், வலிக்காக் காத்திருக்காமல் அந்த வாரமே பிள்ளையைக் கூட்டி வாருங்கள்.