ஒரு பிளவுக்கு இருபது மணி நேரம்: காசநோய்க் கிருமியும் ஆய்வு மாணவரின் ஐந்தாண்டுகளும்

காசநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் என்னும் கிருமி, உணவும் 37 டிகிரி செல்சியஸ் வெப்பமும் குறைவின்றிக் கிடைத்தாலும், ஒருமுறை இரண்டாகப் பிரிவதற்குச் சுமார் 20 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கப்படும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு 20 நிமிடமே போதும். தனியொரு செல்லிலிருந்து கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒரு காலனி, அதாவது அதன் வழிவந்த கிருமிகளின் கூட்டம், உருவாக ஏறத்தாழ 24 பிளவுகள் நடக்க வேண்டும். அதற்குள் அந்த ஒரு செல் ஒன்றரைக் கோடிக்கும் மேலாகப் பெருகிவிடும். ஈ.கோலையை மாலையில் தட்டில் பரப்பிவிட்டுப் போகும் மாணவர் மறுநாள் காலையில் காலனிகளை எண்ணிவிடுவார். காசநோய்க் கிருமியில் ஆய்வு செய்பவர் அதே 24 பிளவுகளுக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். தொற்றுநோய் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்காக உழைப்பவரின் நாள்கள் எப்படிக் கழிகின்றன என்று கேட்டால், இந்தக் கணக்கிலிருந்துதான் பதிலைத் தொடங்க முடியும்.

இந்த மந்தகதிக்குக் காரணம் ஒன்றல்ல. மைக்கோலிக் அமிலம் என்னும் நீண்ட கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன தடித்த மெழுகுச் சுவர் கிருமியைச் சுற்றியிருப்பதால், ஊட்டப் பொருள்கள் உள்ளே நுழைவதே மெதுவாக நடக்கிறது. புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்கான ஆர்.என்.ஏ. மரபணுத் தொகுதி ஈ.கோலையில் ஏழு இருக்க, இதில் ஒன்றே ஒன்றுதான் உள்ளது. மருந்துகள் எளிதில் ஊடுருவாதபடி காப்பதும் இதே சுவர்தான் என்பதால், ஆய்வாளரைக் காக்க வைக்கும் பண்பும் நோயாளியை மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க வைக்கும் பண்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

புதிய மருந்து ஒன்று இக்கிருமியை எவ்வளவு வேகமாகக் கொல்கிறது என்று அறிய விரும்பும் மாணவரின் வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மருந்து கலந்த திரவத்தில் கிருமியை விட்டு, தொடக்க நாளிலும் 1, 3, 7, 14ஆம் நாள்களிலும் சிறிதளவு எடுத்து, பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, அகார் என்னும் கூழ்போன்ற வளர்ப்பு ஊடகம் ஊற்றிய தட்டுகளில் பரப்புகிறார். மெழுகுச் சுவர் காரணமாகக் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறுபோல் திரள்வதால், வளர்ப்புத் திரவத்தில் ட்வீன் 80 என்னும் சோப்புத்தன்மையுள்ள பொருளைச் சேர்க்க வேண்டும். அப்போதும் பிரியாத திரள்களைக் கண்ணாடி மணிகளோடு சேர்த்துக் குலுக்கி உடைக்க வேண்டும். இதில் சற்று அவசரப்பட்டால், நூறு கிருமிகள் கொண்ட திரள் ஒற்றைக் காலனியாக வளர்ந்து கணக்கையே பொய்யாக்கிவிடும். எந்த நீர்ப்பில் எண்ணத்தக்க அளவு காலனிகள் வரும் என்பது முன்கூட்டியே தெரியாது. ஊகம் தவறினால் ஒரு தட்டில் எண்ணவே முடியாத அடர்ந்த படலமும் இன்னொன்றில் வெறும் அகாரும்தான் இருக்கும், அதுவும் மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் தெரியவரும். ஆகவே ஒவ்வொரு நாளுக்கும் மூன்று நான்கு நீர்ப்புகளைப் பரப்பி வைப்பதே வழக்கம். இன்குபேட்டரில் அத்தனை நாள் இருக்கும் தட்டுகள் காய்ந்துபோகாமல் இருக்க அகாரைத் தடிமனாக ஊற்றி, தட்டுகளைப் பையிலிட்டு மூடுகிறார்கள். 14ஆம் நாள் பரப்பிய தட்டுகளை எண்ணி முடிக்கும்போது, சோதனை தொடங்கி ஆறு வாரம் ஆகியிருக்கும். அதை இன்னும் இரண்டு முறை செய்து உறுதிப்படுத்திய பிறகுதான் ஆய்வேட்டில் ஒரு வரைபடம் இடம்பெறும்.

காத்திருக்கும் நாள்களில் பெரிய ஆபத்து மாசுதான். காற்றில் மிதந்துவரும் ஒரு பூஞ்சை வித்தோ, தோலிலிருந்து உதிரும் சாதாரண பாக்டீரியாவோ தட்டில் விழுந்தால், காசநோய்க் கிருமி சில முறை பிரிவதற்குள் அது தட்டு முழுவதையும் மூடிவிடும். நோயாளியின் சளியிலிருந்து கிருமியை வளர்க்கப் பயன்படும் லோவன்ஸ்டைன்–ஜென்சன் ஊடகத்தில் கோழிமுட்டையோடு மாலகைட் பச்சை என்னும் சாயத்தைக் கலப்பதும் இதற்காகத்தான். வேகமாக வளரும் பிற நுண்ணுயிரிகளை அச்சாயம் அடக்கி வைக்கிறது.

இவ்வேலைகள் நடப்பது பி.எஸ்.எல்-3 எனப்படும் மூன்றாம் நிலை உயிர்க்காப்பு ஆய்வகத்தில். ஒரே நேரத்தில் திறவாத இரண்டு கதவுகளைக் கடந்து, உடை மாற்றி, இரட்டைக் கையுறையும் சுவாசக் கவசமும் அணிந்து உள்ளே செல்ல வேண்டும். உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக வைக்கப்பட்டிருப்பதால், காற்று எப்போதும் உள்நோக்கியே பாய்கிறது. வெளியேறும் காற்று, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுக்கும் ஹெப்பா வடிகட்டிகளின் வழியாகச் செல்கிறது. ஐந்து மைக்ரானுக்கும் சிறிய நீர்த்திவலை நுரையீரலின் காற்றுப் பைகள் வரை செல்லக்கூடியது என்பதால், திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட் குழாயின் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளக் கூடாது, ஒரு குமிழிகூட உடைய விடக் கூடாது. கிருமியைக் கையாளும் பாதுகாப்புப் பெட்டியின் முகப்பில் இறங்கும் காற்றுத்திரை கலைந்துவிடாதபடி கைகளை மெதுவாக நகர்த்த வேண்டும். தாகத்துக்கு ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமென்றாலும் கவசங்கள் அனைத்தையும் முறைப்படி கழற்றிவிட்டு வெளியே வர வேண்டும். இந்த ஒழுக்கத்தைச் சடங்காகக் கருதாமல் மனம் ஒன்றிக் கடைப்பிடிக்கும் மாணவர்கள் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு.

இத்தகைய வசதிகள் இல்லாத காலத்திலும் மாணவர்கள் இதே கிருமியோடு போராடியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனிடம் முனைவர் பட்டத்துக்குப் பயின்ற ஆல்பர்ட் ஷாட்ஸ், தொற்றுக்கு அஞ்சி ஒதுக்கித் தரப்பட்ட நிலத்தடி அறையில் உழைத்து, 1943 அக்டோபரில் தம் 23ஆம் வயதில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தரும் மண் நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்தார். காசநோய்க்கு எதிராக உண்மையில் பயன்பட்ட முதல் ஆன்டிபயாட்டிக் அதுதான். 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டுமே கிடைத்தது. ஷாட்ஸ் நீதிமன்றம் சென்ற பிறகுதான் இணைக் கண்டுபிடிப்பாளராக ஏற்கப்பட்டார். ஆய்வகத்தில் கிருமியைக் கையால் தொட்டு உழைப்பவருக்கும் ஆய்வகத் தலைவருக்கும் இடையே பெருமையைப் பங்கிடும் சிக்கல் இன்றும் தீர்ந்தபாடில்லை.

அதைவிட அன்றாடம் உறுத்துவது கால அளவு. இந்தியாவில் அரசு தரும் ஆய்வு உதவித்தொகை, இளநிலை, முதுநிலை இரண்டும் சேர்த்துப் பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளுக்கே கிடைக்கிறது; ஈ.கோலையில் ஆய்வு செய்பவருக்கும் காசநோய்க் கிருமியில் ஆய்வு செய்பவருக்கும் அதே ஐந்துதான். பி.எஸ்.எல்-3 பயிற்சி, சோதனை நேரத்துக்கான முறை வரிசை, கிருமிநீக்கப் புகையூட்டலுக்கும் பராமரிப்புக்கும் ஆய்வகம் மூடப்படும் வாரங்கள் எல்லாம் அதற்குள்ளேயே கழிய வேண்டும். அனுபவமுள்ளவர்கள், மூன்று மணி நேரத்தில் பிரியும் தீங்கற்ற உறவினமான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸில் முதலில் கைப்பழக்கம் பெற்று, ஒரு தொகுதித் தட்டுகள் வளரும் இடைவெளியில் அடுத்த இரண்டு சோதனைகளைத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் ஆய்விதழின் மதிப்பீட்டாளர் கூடுதலாக ஒரே ஒரு சோதனை கேட்டால்கூட அதற்கு மூன்று நான்கு மாதம் ஆகிவிடும். பலருக்கு அந்தக் கடிதம் வருவதற்குள் உதவித்தொகை நின்றிருக்கும். மெதுவாக வளரும் கிருமிகளில் உழைப்பவர்களுக்கு, ஆறாம் ஆண்டுக்கான தொகையையும் தொடக்கத்திலேயே உறுதிசெய்து தருவதுதான் நியாயம்.