அம்மப்பா ஏன் அந்தியில் பிதற்றினார்?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "சலத்தில் கிருமியென்று அம்மப்பாவை வார்ட்டில் வைத்திருக்கிறார்கள். பகலில் நல்லாய்க் கதைக்கிறார். பொழுதுபட்டால் சுவரில் பூச்சி ஊருது என்கிறார், என்னை ஆரென்று கேட்கிறார். நூல் கட்டச் சொல்கிறார்கள். கட்டவா?"

கட்டுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அதற்கு முதல் தாதியிடம் சொல்லுங்கள். இது சன்னி (delirium) எனப்படும் திடீர் மனக்குழப்பம் போலத் தெரிகிறது. மறதிநோய் மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் வரும். சன்னி மணிக்கணக்கில் வந்து ஒரே நாளுக்குள் கூடிக் குறையும். காய்ச்சல், இரத்தத்தில் உப்புக் குறைவு, சலம் அடைத்தல், ஏன் மலச்சிக்கல்கூட முதிய மூளையைக் கலக்கிவிடும்.

எப்படிக் கலக்குகிறது என்பதில்தான் எனக்குச் சுவாரசியம். முன்மூளையின் அடியிலுள்ள நரம்புக்கலங்கள் அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தை மூளைப் புறணியெங்கும் (மூளையின் வெளிப்படை) சுரக்கின்றன. அது போதியளவு இருந்தால், திருகோணமலை மீன் சந்தை இரைச்சலிலும் ஏலக்காரரின் குரல் தனியாகக் கேட்கும். குறைந்தால் எல்லாச் சத்தமும் ஒன்றுதான். கவனம் எதிலும் நிற்காது, சுவர்க் கறை பூச்சியாகிவிடும். அழற்சிக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் அசற்றைல்கோலினுக்கான சாட்சி நம் வேலியோரத்திலேயே நிற்கிறது: ஊமத்தை. அதிலுள்ள அத்திரோப்பீனும் ஸ்கோபொலமைனும் இந்த இரசாயனத்தின் வாங்கிகளை, அதாவது நரம்புக்கலங்கள் அதை ஏற்கும் இடங்களை, அடைத்துவிடும். தின்றவர் இல்லாத ஆளோடு கதைப்பார். ஆபிரிக்கக் கலபார் அவரையிலுள்ள பைசொஸ்டிக்மைன், அசற்றைல்கோலின் சிதைவதைத் தடுக்கும். வைத்தியர் அதை ஊசியில் ஏற்ற, சில நிமிடங்களிலேயே தெளிந்தவர்கள் உண்டு. ஒரு செடி குலைத்த புத்தியை இன்னொரு செடி மீட்டுத் தருகிறது! எத்தனை தரம் வாசித்தாலும் எனக்கு அலுக்காது.

தடிமனுக்கு நாம் வாங்கிப் போடும் பிரிட்டோன் (Piriton) குளிசையும் அதே வாங்கிகளைக் கொஞ்சம் அடைக்கும். மனநோய் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் பென்செக்சோலும் அப்படியே. ஆகவே மனநோயாளி ஒருவர் திடீரெனக் குழம்பினால், "பழைய வருத்தம்தான்" என்று விடக்கூடாது; உடலையும் மருந்துச்சீட்டையும் முதலில் பார்க்கவேண்டும்.

கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. மார்கழியிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். வழமையாகச் சொல்லக்கூடியவர் ஐப்பசியோடு தடுமாறி நின்றால் வைத்தியரைக் கூப்பிடுங்கள். கத்துபவரை எல்லோரும் கவனிப்பார்கள். சுருண்டு படுத்து "ம்" மட்டும் சொல்லும் சன்னிக்காரர்தான் தவறிப்போவார்.

காரணத்தைத் தேடித் தீர்ப்பதே வைத்தியம். நித்திரைக் குளிசை பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும். குடியை நிறுத்தி இரண்டு மூன்று நாளில் வரும் சன்னிக்கு மட்டும் அந்த வகை மருந்தே உயிர் காக்கும். மற்றபடி மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி, தண்ணீர், குழப்பாத இரவு, தெரிந்த முகம். இவற்றை ஒழுங்காகக் கவனித்தபோது சன்னி வந்தவர்கள் 9.9 சதவீதம், வழமையான பராமரிப்பில் 15 சதவீதம் என்று முதியோர் மருத்துவர் ஷரன் இனோயி குழுவினர் 1999இல் அமெரிக்காவில் காட்டினார்கள். புது மருந்து தேடக் கொட்டும் காசில் ஒரு பங்கை, பேத்தி இரவு முழுக்கக் கட்டிலருகே இருக்க ஒரு கதிரைக்கு ஒதுக்கினால் என்ன?