மெமரி கார்டில் பெரிய எழுத்தில் இருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

கடையில் வேகமான கார்டு வேண்டும் என்று கேட்டால், மேலே பெரிதாக 200 என்று அச்சிட்ட ஒன்றை எடுத்து வைப்பார்கள். நொடிக்கு 200 எம்பி (மெகாபைட்) என்பது கார்டிலிருந்து கணினிக்குப் படத்தை எடுக்கும் வேகம், அதாவது படிக்கும் வேகம். படம் எடுக்கும்போது கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். பெரும்பாலான கார்டுகளின் முகப்பில் அது இருக்காது. பேக்கிங் அட்டையின் பின்பக்கத்திலோ நிறுவனத்தின் இணையதளத்திலோ சிறிய எழுத்தில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.

அந்த 200-கூட எல்லா இடத்திலும் கிடைக்காது. கார்டில் ரோமன் எண்ணில் ஒன்று (I) போட்டிருந்தால் அது யுஎச்எஸ்-1 வகை. யுஎச்எஸ் என்பது எஸ்டி கார்டும் கருவியும் தரவைப் பரிமாறும் வேக இணைப்பின் பெயர். அந்த வகைக்கு எஸ்டி தரம் வகுத்த உச்சம் நொடிக்கு 104 எம்பி. சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் புரோ போன்ற யுஎச்எஸ்-1 கார்டுகள் 170, 200 என்று காட்டுவது நிறுவனத்தின் சொந்த முறையால். அதற்கு ஏற்ற கார்டு ரீடரில் போட்டால்தான் அந்த வேகம் வரும். கேமராவுக்குள் போனால் 104-க்குள் அடங்கிவிடும். நல்ல யுஎச்எஸ்-1 கார்டு, நல்ல கேமராவில் 70 முதல் 90 எம்பி வரை எழுதினால் அதுவே நிறைவான வேகம். ஒரே பெயரில் வரும் கார்டுகளிலும் குறைந்த கொள்ளளவு உள்ளது மெதுவாக எழுதுவது உண்டு. உள்ளே ஒரே நேரத்தில் எழுதக்கூடிய ஃபிளாஷ் நினைவக அடுக்குகள் அதில் குறைவு.

கார்டின் மேல் நம்பத் தகுந்த குறி என்றால் அது குறைந்தபட்ச வேகத்தைச் சொல்லும் குறிதான். வட்டத்துக்குள் 10 இருந்தாலும் யு1 இருந்தாலும் நொடிக்கு 10 எம்பி. யு3, வி30 இரண்டுக்கும் 30. வி60, வி90 குறிகளுக்கு முறையே 60, 90. வீடியோ பதிவின்போது இதற்குக் கீழே இறங்காது என்பதே இந்தக் குறிகளின் உறுதி. ஏ1, ஏ2 என்பவை ஃபோனில் ஆப் ஓடுவதற்கான குறிகள். கேமராவுக்காக அவற்றுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

வீடியோவுக்குக் கணக்குப் போடும்போது பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கேமரா மெனுவில் காட்டுவது மெகாபிட், கார்டில் இருப்பது மெகாபைட். எட்டால் வகுத்துப் பாருங்கள். 100 மெகாபிட் பதிவுக்கு நொடிக்கு 12.5 எம்பி போதும். 200-க்கு 25 எம்பி, வி30 கார்டு தாங்கும். 400 மெகாபிட் என்றால் 50 எம்பி, வி60 வேண்டும். 600 மெகாபிட் என்றால் 75 எம்பி, வி90-க்குப் போகத்தான் வேண்டும். கேமரா கையேடு இதைவிட உயர்ந்த குறியைக் கேட்டால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

புகைப்படத்தில் கணக்கு வேறு. 24 மெகாபிக்சல் கேமராவின் ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாத மூலப்படம்) ஒன்று சுமார் 30 எம்பி என்று வைத்துக்கொள்வோம். நொடிக்குப் பத்துப் படம் எடுத்தால் 300 எம்பி சேரும். எந்த யுஎச்எஸ்-1 கார்டாலும் அதை உடனுக்குடன் எழுத முடியாது. அதனால் படங்கள் முதலில் கேமராவின் தற்காலிக நினைவகமான பஃபரில் தங்குகின்றன. பஃபரில் 40 படம் நிற்கும் என்றால் 1200 எம்பி. நொடிக்கு 30 எம்பி எழுதும் கார்டு அதைக் காலி செய்ய 40 நொடி எடுக்கும். 80 எம்பி கார்டுக்கு 15 நொடி. அடுத்த வேக வகையான யுஎச்எஸ்-2 ஸ்லாட்டில் (கார்டு செருகும் இடத்தில்) 200 எம்பி எழுதும் கார்டுக்கு 6 நொடி. கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டி முதல் முடிச்சு விழும்வரை எந்தக் கார்டும் தாக்குப்பிடித்துவிடும். அடுத்த முடிச்சுக்குள் பஃபர் காலியாகாமல் ஷட்டர் நின்று நின்று விழும்போதுதான் மட்டமான கார்டின் குணம் தெரியும்.

வேகமான கார்டு வாங்கியும் பயன் இல்லை என்றால் ஸ்லாட்டைப் பாருங்கள். யுஎச்எஸ்-2 கார்டின் பின்பக்கம் தொடுமுனைகள் இரண்டு வரிசையாக இருக்கும். யுஎச்எஸ்-1 ஸ்லாட்டுக்கு இரண்டாவது வரிசை தெரியாது. கார்டு வேலை செய்யும், ஆனால் யுஎச்எஸ்-1 வேகத்தில்தான். சோனி ஏ7 த்ரீயில் முதல் ஸ்லாட் மட்டுமே யுஎச்எஸ்-2, இரண்டாவது யுஎச்எஸ்-1. கேனன் 5டி மார்க் 3-இல் சிஎஃப் (காம்பாக்ட்ஃபிளாஷ் வகைக் கார்டுக்கான) ஸ்லாட் வேகமானது, எஸ்டி ஸ்லாட்டுக்கோ யுஎச்எஸ் வசதியே கிடையாது. பாதுகாப்புக்காக இரண்டு கார்டிலும் ரா எழுத வைத்தால் மெதுவான ஸ்லாட் எழுதி முடிக்கும்வரை பஃபர் காலியாகாது. வேகமான ஸ்லாட்டில் ரா, மற்றதில் சிறிய ஜேபெக் என்று பிரித்து வைத்தால் நகலும் இருக்கும், வேகமும் பெரிதாகக் குறையாது.

இரண்டு கார்டுகளை ஒப்பிட நேர்மையான வழி, உங்கள் கேமராவிலேயே அளப்பதுதான். பேட்டரி முழுதாக இருக்கட்டும். கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். மேனுவல் ஃபோகஸ், மேனுவல் எக்ஸ்போஷர், ஷட்டர் 1/500, நிலையான ஐஎஸ்ஓ, ரா மட்டும். நாய்ஸ் குறைப்பு, லென்ஸ் திருத்தம் போன்றவற்றை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கேமரா கணக்குப் போடும் நேரமும் கார்டின் தலையில் விழும். புத்தக அலமாரி மாதிரி நுணுக்கம் நிறைந்த ஒன்றை நோக்கி ட்ரைபாடில் வையுங்கள். வெற்றுச் சுவரை எடுத்தால் ஃபைல் சுருங்கி, கணக்கு ஏமாற்றும். ஷட்டரை 15 நொடி அழுத்திப் பிடியுங்கள். முதல் கிளிக்கில் தொடங்கி, கார்டு விளக்கு அணையும்வரை ஆகும் நேரத்தைக் குறியுங்கள். 76 படம், மொத்தம் 2280 எம்பி, 32 நொடி என்றால் அந்தக் கார்டு அந்தக் கேமராவில் நொடிக்கு சுமார் 71 எம்பி எழுதுகிறது. மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். அடுத்த கார்டையும் அதே வெளிச்சத்தில், அதே காட்சியில் அளக்க வேண்டும்.

வீடியோ எடுப்பவர்கள் இதோடு நிற்கக் கூடாது. சில கார்டுகள் முதல் சில ஜிபி வரை விரைவாக எழுதிவிட்டு, பிறகு சரியும். உச்ச பிட்ரேட்டில் (மெனுவில் உள்ள அதிகபட்ச மெகாபிட்டில்) பதிவைப் போட்டு, கார்டு நிறையும்வரை ஓட விடுங்கள். நடுவில் பதிவு தானாக நின்றால் அந்தக் கார்டை அந்த வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

புதிய கார்டைக் கணினியில் ஒருமுறை முழுதாக எழுதிப் படித்தும் பார்க்க வேண்டும். விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ், மேக் இரண்டுக்கும் எஃப்3 ஆகிய இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. 128 ஜிபி என்று காட்டிவிட்டு உள்ளே 16 ஜிபி மட்டும் வைத்திருக்கும் போலிக் கார்டு இதில் மாட்டிக்கொள்ளும். இதைச் செய்யாமல் புதுக் கார்டைத் தொழிலுக்கு எடுத்துப் போகவே கூடாது. ஆனால் பழைய யுஎஸ்பி 2.0 ரீடரில் வேகத்தை அளக்க வேண்டாம். அது நொடிக்கு 35, 40 எம்பியைத் தாண்டாது. நல்ல கார்டும் மட்டமான கார்டும் அதில் ஒரே எண்ணைக் காட்டும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார்டு மெதுவானால், முதலில் ஃபார்மட் செய்த விதத்தைச் சந்தேகியுங்கள். படங்களை ஒவ்வொன்றாக அழித்து இடம் பண்ணிக்கொண்டே போனால் காலி இடம் துண்டுதுண்டாகிவிடும். படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்துச் சரிபார்த்த பிறகு, கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கேனன் போன்ற கேமராக்களில் இருக்கும், கார்டை முழுதாகத் துடைக்கும் லோ லெவல் ஃபார்மட்டையும் பயன்படுத்தலாம். அப்படியும் மீளாவிட்டால் எஸ்டி அசோசியேஷன் தரும் ஃபார்மட்டர் மென்பொருளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அடாப்டரில் செருகிய மைக்ரோ எஸ்டியைத் தொழிலுக்கு நம்ப வேண்டாம். தொடும் இடம் ஒன்று கூடினால் கோளாறுக்கு இடமும் ஒன்று கூடுகிறது.

அளந்த வேகத்தையும் தேதியையும் அழியாத மார்க்கர் பேனாவால் கார்டிலேயே எழுதி வையுங்கள். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், அது ஸ்லாட்டுக்குள் உரிந்து கார்டைச் சிக்கவைக்கும். ஆறு மாதம் கழித்து அதே முறையில் அளக்கும்போது மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்து, ஃபார்மட்டுக்கும் மசியவில்லை என்றால் அந்தக் கார்டை முகூர்த்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள்.