‘சரியான எண்’ அல்ல, நிறைவெண்

33550336 என்ற எண்ணைப் பற்றிய ஒரு காணொளிப் பாடத்தில், ‘இது ஐந்தாவது சரியான எண்’ என்றார்கள். பெர்ஃபெக்ட் நம்பர் என்பதற்கு இந்த மொழிபெயர்ப்பைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இது சரியான எண் என்றால் 33550337 தவறான எண்ணா? கேட்கிற பிள்ளை அப்படித்தானே எடுத்துக்கொள்ளும்?

சொல்லின் பிறப்பு எளியது. பண்டைக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எழுதிய சொல் ‘தெலெயோஸ்’. முடிவு, எல்லை என்ற பொருளுள்ள ‘தெலோஸ்’ அதன் வேர். லத்தீனில் ‘பெர்ஃபெக்டஸ்’, அதாவது செய்து முடிக்கப்பட்டது. சரி, தவறு என்ற பேச்சே அங்கே கிடையாது.

ஓர் எண் பெர்ஃபெக்ட் நம்பரா என்று பார்க்க, அதன் காரணிகளில் அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்ட வேண்டும்; அதே எண் திரும்ப வர வேண்டும். 28-க்கு 1+2+4+7+14 = 28. கூட்டுத்தொகை எண்ணை அப்படியே நிறைத்துவிடுகிறது. 33550336-ம் அப்படித்தான். அது 4096 × 8191. இதில் 8191 பகா எண். 1, 2, 4 என்று இரட்டித்துக்கொண்டே 4096 வரை வரும் 13 காரணிகளின் கூட்டுத்தொகை 8191. மீதி 12 காரணிகள், 8191-ஐ 1 முதல் 2048 வரையுள்ள அதே வரிசையால் பெருக்கக் கிடைப்பவை. அவற்றின் கூட்டுத்தொகை 8191 × 4095. இரண்டையும் சேர்த்தால் 8191 × 4096. ஒன்றுகூடக் குறையவில்லை, ஒன்றுகூட மிஞ்சவில்லை. இதைப் பார்த்தபின் ‘சரியான’ என்று சொல்ல எப்படி மனம் வருகிறதோ!

சிலர் ‘முழுமையான எண்’ என்கிறார்கள். பெர்ஃபெக்ட் ஸ்கொயருக்கு ‘முழு வர்க்கம்’ என்ற வழக்கு இருக்கிறதே, அதே போக்கில் போனால் என்ன என்பது அவர்கள் வாதம். வர்க்கத்துக்கு அது பொருந்தும். எண்ணுக்கு வரும்போது ‘முழு எண்’ ஏற்கெனவே வேறு பொருளில் ஊன்றிவிட்டது. 7 கூட முழு எண்தான். ‘முழு’, ‘முழுமையான’ என்ற வேறுபாட்டை மாணவர் நினைவில் வைத்துக்கொள்வார் என்று நம்புவது, மொழிபெயர்ப்பவர் தன் வேலையை மாணவர் தலையில் கட்டுவதாகும். ‘செவ்விய எண்’ தூய தமிழ்தான், கேட்கவும் அழகுதான். ஆனால் எது செவ்வையாக இருக்கிறது என்று அந்தச் சொல் காட்டுவதில்லை. தூய்மை மட்டும் இருந்து தெளிவு இல்லாத சொல்லால் பாடத்தில் என்ன பயன்?

அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டுவதால்தான் இவ்வளவும். கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் தமிழே சொல்லை எடுத்துக் கொடுத்திருக்கும். 8-இன் காரணிகள் 1+2+4 = 7, குறைகிறது: குறைவெண். 12-க்கு 1+2+3+4+6 = 16, மிகுகிறது: மிகையெண். 28 நிறைகிறது: நிறைவெண். குறைகுடம், நிறைகுடம் என்று பேசிப் பழகிய நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ‘நிறைவெண்’ என்பதை ‘நிறை எண்’ என்று எழுதிவிடக் கூடாது. அது வேதியியல் சொல், அணுக்கருவிலுள்ள புரோட்டான்கள், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை. கார்பன்-12-இன் நிறை எண் 12. அந்த 12 நிறைவெண் அல்ல, மிகையெண்.